சங்கக்காவின் இடது இமை

"நான் வாயை மூடினா இந்தச் சந்தையே மூடிடும்!"

மீன் ஏலக்கூடத்தின் நடுவில் மரப்பெட்டி மேல் நின்றுகொண்டு சங்கக்கா இப்படி முழங்கியபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. மறுத்துப் பேச இடைவெளி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சங்கக்கா என்பது பெற்றோர் வைத்த பேரல்ல. ஒரு காலத்தில் துறைமுகத்துச் சங்கு பழுதாகிக் கிடந்ததாம். விடிகாலையில் இவள் "சூரை!" என்று கூவிய சத்தத்தைக் கேட்டே தொழிலாளர்கள் வேலைக்குக் கிளம்பினார்களாம். சத்தம் போதுமானதாக இருந்ததால் சங்கைப் பழுதுபார்க்கும் யோசனையே கைவிடப்பட்டதாம். இந்த வரலாற்றுக்கு ஒரே ஆதாரம் சங்கக்காதான் என்றாலும், அவள் ஏலம் விடுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டவர்கள் வேறு ஆதாரம் கேட்பதில்லை.

கணவர் அதே கூடத்தின் பின்பக்கம் ஐஸ் அரைக்கும் எந்திரத்தில் வேலை பார்த்தார். காலையெல்லாம் எந்திரச் சத்தம், மாலையெல்லாம் மனைவி சத்தம். இரண்டுக்கும் நடுவே சைக்கிளில் வீடு திரும்பும் நேரத்தில்தான் மனுஷன் தனக்குத்தானே இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்.

அந்தக் கூடத்து வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வியாபாரிகள் வாயைத் திறந்து விலை கேட்க மாட்டார்கள். வாயைத் திறந்தால் ஆசை தெரிந்துவிடும். ஆசை தெரிந்தால் பக்கத்தில் நிற்பவன் வேண்டுமென்றே ஏற்றிவிடுவான். ஆகவே ஒருவர் மூக்கைச் சொறிவார், ஒருவர் காதுமடலைத் தடவுவார், இன்னொருவர் ரப்பர் பூட்ஸால் தரையைத் தேய்ப்பார். தெரியாதவர்கள் பார்த்தால் சொறி சிரங்கு வைத்திய முகாம் என்று நினைத்து வரிசையில் நின்றுவிடுவார்கள். இத்தனை சாடைகளையும் படித்து விலையாகக் கூவுவதுதான் ஏலக்காரியின் தொழில். ஆனால் அவள் முகத்தில் சாடையே இருக்கக் கூடாது. வாங்குகிறவன் கண் காட்டினால் அது வியாபாரம். விற்கிறவள் கண் காட்டினால் அது களவு.

அப்பேர்ப்பட்ட முகத்தில்தான் இடது இமை இறங்கத் தொடங்கியது.

ஏலம் ஆரம்பிக்கும்போது இரண்டு இமையும் ஒழுங்காகத்தான் இருக்கும். மத்தி முடிந்து, கணவாய் முடிந்து, பெரிய சரக்கான சூரைக்கு வருவதற்குள் இடது இமை மட்டும் மத்தியான நேரத்துக் கடை ஷட்டர் போலப் பாதிக்கு இறங்கி நிற்கும். பெட்டிக்கு இடப்பக்கம் நிற்பவர் தொப்பிக்காரர். சூரையில் பெரும்பங்கை வாங்கும் மொத்த வியாபாரி. தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றாதவர் என்று பேர். அக்காவின் இமை தன் பக்கமாக இறங்கியதைப் பார்த்தவருக்கு உள்ளம் குளிர்ந்தது. 'பொறு, ஏத்தாதே'ன்னு சொல்றாங்க என்று முடிவு கட்டி, மூக்கைச் சொறிவதை நிறுத்திக்கொண்டார். தொப்பிக்காரரே கேட்காவிட்டால் சரக்கில் ஏதோ கோளாறு என்று மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். முதல் தரமான சூரை, மலிவான மத்தி மீன் விலைக்குத் தொப்பிக்காரரிடமே போய்ச் சேர்ந்தது. மறுநாளும் அப்படியே.

நன்றி மறவாத தொப்பிக்காரர் வீட்டுக்கு ஒரு கூடை நண்டு அனுப்பினார்.

"இவர் எதுக்கு நமக்கு நண்டு அனுப்பறாரு?" என்றார் கணவர்.

"என் குரலுக்கு மரியாதை."

"இத்தன வருஷமா இல்லாத மரியாதை?"

"மரியாதைக்கும் நேரம் வரணும்ங்க."

நண்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதி சாப்பிடுவதற்குள் சங்கக்காவின் தாடை சோர்ந்து தொங்கியது. அவள் இடது கையால் மோவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றாள்.

"என்ன, ஏதோ பலமான யோசனையில இருக்கற மாதிரி இருக்கே?"

"நான் என்னைக்குங்க யோசிச்சேன்?" என்றாள் அவள். நேர்மையான பதில்தான். ஆனால் குரல் மூக்கு வழியாக வந்தது.

படகுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அலையோடு போராடிப் பிடித்த மீனை இவள் கண்ணடித்துக் கொடுத்துவிட்டாள் என்று கூடத்து மேனேஜரிடம் போய் நின்றார்கள். மேனேஜர் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். சங்கக்கா பெட்டி மேல் ஏறாமலே தொடங்கினாள்.

"யாருடா சொன்னது நான் கண்ணடிச்சேன்னு? கண்ணடிக்கிற வயசுலயே எனக்கு நேரம் கிடைக்கல! இப்போ, அதுவும் இந்தத் தொப்பிக்கு…"

நன்றாகத்தான் தொடங்கினாள். ஆனால் வசவு வளர வளரக் குரல் தேய்ந்தது. வார்த்தைகள் குழைந்தன. கடைசியில் என்ன சொன்னாள் என்று அவளுக்கே கேட்கவில்லை. இமை முழுசாக விழுந்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயே எதிராளி பக்கம் சாய்ந்தால் பிள்ளை என்ன செய்யும்? கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது: "பாத்தியா, நெஞ்சு குறுகுறுக்குது. அதான் பேச்சு வரல."

பார்த்துக்கொண்டிருந்த கணவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஒரு கை ஐஸைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினார். அவள் அதை வாங்கி அந்தக் கண் மேல் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்தபோது, இமை ஒன்றுமே நடக்காதது போல மேலே ஏறி நின்றது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று குதித்தார் ஒரு படகுக்காரர். "வேணும்னா தொறக்குது, வேணும்னா மூடுது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மேனேஜருக்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை. பெட்டி அன்றே பறிபோனது. அதன் மேல் புதிதாக ஏற்றப்பட்டவர், பேருந்து நிலையத்தில் பல வருடம் அறிவிப்பு செய்தவர். கையில் மைக் உண்டு. "அன்பார்ந்த வியாபாரிகள் கவனத்திற்கு, மூன்றாவது வரிசையில் கணவாய் புறப்படத் தயாராக உள்ளது" என்று அவர் சொன்னபோது இரண்டு பேர் பழக்க தோஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார்கள்.

சங்கக்கா வெளியே போகுமுன் பெட்டியை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். "திரும்ப ஏறுவேன்," என்றாள். மூக்கால் சொன்னதால் யாரும் பயப்படவில்லை. அவள் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டாள்.

கணவர் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நரம்பு டாக்டரம்மா அவளை மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார், இமை இறங்கியது. விடாமல் எண்ணச் சொன்னார். எண்ண எண்ணக் குரல் இறங்கியது. பிறகு ஒரு ரப்பர் கையுறைக்குள் ஐஸ் போட்டு முடிந்து அவள் இமை மேல் வைத்தார்.

"ஐயோ டாக்டர், அது மட்டும் வேணாம்!" என்று கணவர் எழுந்தே விட்டார். "அதை வெச்சா தொறந்துக்கும். அதுலதான் எங்க பொழப்பே போச்சு."

இமை திறந்துகொண்டது. டாக்டரம்மா சிரித்தார். "தொறக்கணும்னுதான் வெச்சேன். குளிர் பட்டா இப்படித் தொறக்குறது இந்த நோய்க்கு ஒரு நல்ல அடையாளம். மத்ததை ரத்தப் பரிசோதனை சொல்லும்."

அங்கே குற்றவாளி ஆக்கிய அதே ஐஸ் இங்கே நிரபராதி ஆக்கியது. ஐஸுக்கு மனசாட்சி கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் பேசும்.

நோயின் பேர் மயஸ்தீனியா கிராவிஸ். சொல்லி முடிப்பதற்குள் குரல் தளர்ந்துவிடும் நோயாளிகளுக்கு இத்தனை நீளமான பேரை யார் பொறுக்கி எடுத்தார்களோ, அவர்கள் நல்ல உடல்நலத்தோடு இருந்திருக்க வேண்டும்.

"மூளை உத்தரவு போடுது. நரம்பு அதைக் கொண்டுபோகுது. தசையோட வாசல்ல அதை வாங்கிக்கணும். ஆனா உங்க உடம்போட காவல்காரங்களே அந்த வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. முதல்ல கொஞ்சம் உள்ளே போகும். போகப் போகக் குறையும்," என்றார் டாக்டரம்மா.

"அப்போ ஏலக்காரி நல்லாத்தான் கூவுறா. வாங்குறவன் காதுல பஞ்சு," என்றாள் சங்கக்கா.

"அதேதான்."

"பஞ்சு வெச்சது யாரு?"

ஸ்கேன் படத்தில் மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு நிழலைக் காட்டினார். தைமஸ் சுரப்பி. சின்ன வயதில் காவல்காரர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கூடமாம் அது. வளர்ந்தபிறகு சுருங்கிப்போக வேண்டும். சங்கக்காவுடையது பருத்துப்போய், தப்புப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் உடம்பில் இருக்கும் எதுதான் நிறுத்து என்றால் நிறுத்தியிருக்கிறது?

மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கிச் சற்று நேரத்தில் பழைய குரல் வரும். சில மணி நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், வயிற்றையும் கலக்கிவிட்டு. ஒருநாள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்து, மூச்சுத் திணறி, கணவர் முகம் வெளுத்தது. அப்போதுதான் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்தது.

சர்ஜன் மெதுவாகப் பேசுகிறவர். நெஞ்சைப் பிளக்காமல், விலா ஓரமாகச் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, சுரப்பியையும் சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்றார்.

"மீனுக்குச் செவுள் இருக்கற பக்கம்," என்று சங்கக்கா தலையாட்டினாள். "எடுத்தா மறுநாள் கூவலாமா?"

"கூவ முடியாதும்மா. உடனே ஒண்ணும் மாறாது. மாசக்கணக்காகும். சில பேருக்கு வருஷக்கணக்கு. சிலருக்கு மாத்திரையே வேண்டாம்னு ஆயிடும். நிறைய பேருக்கு மாத்திரை குறையும், பலம் கூடும். சிலருக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது."

"நான் எந்தக் கூடையில?"

"தொறந்து பாத்தாலும் சொல்ல முடியாது."

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மத்தியைக்கூட வாங்காதவள் சங்கக்கா. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நிச்சயம் குணமாகும்னு சொல்லுங்க."

"மாட்டேன்."

"முக்கால்வாசி நிச்சயம்?"

"சொல்ல மாட்டேன்."

"சரி, பாதி?"

சர்ஜன் யோசித்தார். "பாதிக்கும் மேல, நல்ல முன்னேற்றத்துக்கு. அதுக்கு மேல ஏத்தச் சொல்லாதீங்க."

சங்கக்கா அவரை உற்றுப் பார்த்தாள். தன் சரக்கைத் தானே உயர்த்திப் பேச மறுக்கும் விற்பனைக்காரரை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதுவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"இன்னொரு தடவ யோசிக்கலாமே," என்று இழுத்தார் கணவர்.

"என் பெட்டி மேல பஸ் ஸ்டாண்டு நிக்குது, நீங்க யோசனைங்கறீங்க!" என்றாள் அவள். பிறகு சர்ஜன் பக்கம் திரும்பினாள். "பாதிக்கும் மேல… ஒரு தரம். பாதிக்கும் மேல… ரெண்டு தரம்." மூன்றாவது தரத்துக்குக் குரல் இல்லை. மேசையைக் கையால் தட்டினாள். சரக்கு அவளுடையதாயிற்று.

முதலில் அவள் ரத்தத்தை வெளியே எடுத்து, தப்புக் காவல்காரர்கள் மிதக்கும் நீரைப் பிரித்துவிட்டு, மிச்சத்தை உள்ளே விட்டார்கள். மூச்சுத் தசைகள் தெம்பாக இருந்தால்தான் கத்தி வைக்கலாமாம். பிறகு அறுவை நடந்தது. விழித்தபோது தொண்டையில் குழாய். மூச்சைத் தசைகள் தாமாக இழுக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எடுப்பார்களாம். சங்கக்கா பேச முடியாமல் படுத்திருக்க, பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. முதலில் இருமினார். பிறகு ஐஸ் எந்திரத்தின் பல் தேய்ந்திருப்பதைப் பற்றிச் சொன்னார். கூரை மேல் வந்து உட்காரும் கடல்புறா ஒன்று தன்னை அடையாளம் கண்டுகொள்வதைச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனால் மீனைப் பயணியாக நினைக்கிறார் என்றார். கடைசியில், "தண்ணி மூக்குல வந்த அன்னிக்கு எனக்கு உசிரே இல்ல," என்றார். இவருக்குள் இத்தனை சொல் இருந்தது சங்கக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. குழாயை எடுத்தபிறகு அவள் முதலில் சொன்னது: "அந்தப் புறா கதையை முடிக்கலையே நீங்க."

வீடு திரும்பியபின் நடந்தது என்னவென்றால், ஒன்றும் நடக்கவில்லை. சுரப்பி போயிற்று, இமை விழுந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் விலாத் தழும்பைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "அநியாயமா ஓட்டை போட்டுட்டானுங்களே" என்று ஒருவர், "வேற ஆள்கிட்ட காட்டியிருக்கலாம்" என்று ஒருவர். சங்கக்கா எல்லோரிடமும் ஒன்றே சொன்னாள்: "டாக்டர் நாளைக்குன்னு சொல்லல. நானும் நாளைக்குன்னு வாங்கல."

தொப்பிக்காரரும் வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உள்ளே மறைத்துவைத்திருந்தது வழுக்கை என்பது ஊருக்கே தெரிந்ததில் அவருக்கு வருத்தமில்லை. அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்றோடு வந்திருந்தார்.

"அக்கா, நான் சாடைன்னு நினைச்சுட்டேன்க்கா."

"உங்களுக்கா? நான் சாடை காட்டறதா இருந்தா ஆள் பாத்துக் காட்டியிருக்க மாட்டேனா?"

அவர் அதை ஏற்றுக்கொண்டார். அதோடு நிற்காமல், கூடத்துக்குப் போய் எல்லோர் முன்னிலையிலும், "அக்கா கண்ணடிக்கல. இமை நோவுல விழுந்துச்சு. நான்தான் என் அழகுக்குன்னு நினைச்சுக்கிட்டேன்," என்று சொன்னார். ஒரு மொத்த வியாபாரிக்கு இது எத்தனை பெரிய நஷ்டம் என்று தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். படகுக்காரர்கள் சிரித்துச் சிரித்தே மன்னித்தார்கள்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "பேரு சுத்தமாயிடுச்சு, சந்தோஷம். ஆனா பேரை வெச்சு ஏலம் விட முடியாதும்மா. கடைசிச் சூரை வரைக்கும் குரல் நிக்குமா? நிக்கும்னா வாங்க."

அன்றிலிருந்து சங்கக்கா வீட்டுச் சமையலறையில் ஏலம் தொடங்கினாள். சரக்கு, பாத்திரங்கள். வியாபாரி, கணவர். அவர் மூக்கைச் சொறிய, அவள் வாணலியை விலை ஏற்றினாள். களைப்பு வந்தபிறகு நிறுத்தாதீர்கள், வருவதற்கு முன்னால் நிறுத்துங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளுக்கு அறுவையைவிட இது வலித்தது. நிறுத்துவது என்பது அவள் குடும்பத்திலேயே யாரும் கற்றுக்கொள்ளாத வித்தை.

வார்த்தைகளை வெட்ட வேண்டியிருந்தது. முதலில் அடைமொழிகளை வெட்டினாள். "ராஜா வீட்டுச் சூரை, நேத்து வரைக்கும் நீச்சலடிச்ச சூரை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கண்ணு முழிக்கிற சூரை" என்பது "சூரை" ஆயிற்று. அடுத்தது வசவுகள். அவை எளிதில் விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் துக்கம் காத்தாள். கடைசியில் மிஞ்சியது பேர், எடை, விலை. இவ்வளவுதானா தன் தொழில் என்று அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

மாதங்கள் ஓடின. ஒருநாள் எல்லாப் பாத்திரங்களும் விற்றுத் தீர்ந்தபோது கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க?"

"இமை," என்றார்.

தொட்டுப் பார்த்தாள். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகும் விழுந்த நாட்கள் உண்டு. ஆனால் விழாத நாட்கள் அவற்றை மெல்ல மெல்ல ஓரம் தள்ளின. டாக்டரம்மா மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். நோய் ஊரைவிட்டுப் போகவில்லை. கோபித்துக்கொண்டு பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் ஒரு வருடம் போனால் இன்னும் குறையலாம் என்றார் சர்ஜன். அப்போதும் அவர் நிச்சயம் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் கூடத்துக்குத் திரும்பிய காலையில், பஸ் ஸ்டாண்டுக்காரர் பெரிய நிம்மதியோடு பெட்டியைவிட்டு இறங்கினார். மைக்கை நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். மேனேஜர் தூணோரம் கையைக் கட்டி நின்றார். இன்று கடைசிச் சூரை வரை நிற்காவிட்டால் நாளை பெட்டி இல்லை. இதை அவர் சொல்லவில்லை. கட்டிய கை சொல்லிற்று.

மத்தி போயிற்று. கணவாய் போயிற்று. பழைய அடைமொழிகளுக்காகக் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள்; ஆனால் சரக்கு வேகமாக நகர்ந்தது. சூரையும் ஏறக்குறையத் தீர்ந்தது. மிச்சம் இருந்தது கடைசி மீன், அன்றைய மீன்களிலேயே பெரியது. நான்கு பேர் சேர்ந்து இழுத்துக்கொண்டுவந்து போட்டார்கள். அவள் விலையைத் தொடங்கி வைத்தாள். மூக்குகள் சொறியப்பட்டன, பூட்ஸுகள் தேய்ந்தன, விலை ஏறியது. அப்போது தன் குரலின் ஓரத்தில் அந்த மூக்கொலி எட்டிப் பார்ப்பதை அவள் கேட்டாள்.

பழைய சங்கக்காவாக இருந்தால் இன்னும் பலமாகக் கூவியிருப்பாள். இவள் வாயை மூடிக்கொண்டாள்.

கூடம் திடுக்கிட்டது. பின்பக்கம் ஐஸ் எந்திரமும் நின்றது. கணவர் துணியில் ஐஸை அள்ளிக்கொண்டு கதவோரம் ஓடிவந்து நின்றார். அவள் அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். யார் மூக்கைச் சொறிந்தாரோ அவரைச் சுட்டிக்காட்டினாள். விலையை விரல்களில் காட்டினாள். பிறகு ஏலம் முடிந்ததென்று தட்டும் மரக்கட்டையைக் கையில் எடுத்து, உயர்த்தி, அப்படியே வைத்துக்கொண்டாள்.

தொப்பிக்காரர் அவள் இடது இமையைப் பார்த்தார். அது ஏறியே நின்றது. வலது இமையைப் பார்த்தார். அதுவும் ஏறியே நின்றது. ஒரு தரமா, ரெண்டு தரமா, எப்போது கட்டை விழும்? முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பக்கத்துக்காரர் காதுமடலை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். தொப்பிக்காரரால் தாங்க முடியவில்லை.

"எனக்கு! எனக்குத்தான்! மேல கேக்கறேன்!" என்று வாய்விட்டுக் கத்தினார்.

பெரிய வியாபாரி வாயைத் திறந்துவிட்டார் என்றதும் மானம் மரியாதை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயிற்று. "நான் அதுக்கு மேல!" "யோவ், நான் முதல்ல கேட்டேன்!" "தள்ளுய்யா!" மூக்குகளும் காதுகளும் மறக்கப்பட்டன. கடைசியில் எல்லோர் குரலையும் மீறி உச்ச விலையைக் கத்தியவர் தொப்பிக்காரர்தான். படகுக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தூணோரம் கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்ததென்று மேனேஜருக்கே தெரியாது.

கட்டை விழுந்தது.

சங்கக்கா வாயைத் திறக்கவில்லை. தொப்பிக்காரரைச் சுட்டிவிட்டு, மீனைத் தராசுக்கு இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.